எத்திக்ஸ் பேப்பர் நடத்துபவருக்கு எந்த எத்திக்ஸ்? - சேலம், நாமக்கல் மண்ணிலிருந்து சட்ட ஆசிரியர்களுக்குச் சில கேள்விகள்

2023 ஜனவரியில் ஒரு நாள். திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலுக்குச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் வந்தார்கள். சாமி கும்பிட அல்ல. கண்காணிப்பு கேமராக்கள் எங்கே இருந்தன, எந்த வாசல் எந்தப் பக்கம் போகிறது என்று தங்கள் கண்ணால் பார்ப்பதற்காக.

ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று அந்தக் கோயிலுக்குத்தான் வந்திருந்தார். பட்டியல் சமூக இளைஞர். உடன் படித்த, வேறு சமூகத்தைச் சேர்ந்த பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டவரின் உடல் மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. நாமக்கல்லில் நடந்துவந்த விசாரணை, அவருடைய தாயார் உயர் நீதிமன்றத்தை அணுகியதால் மதுரைக்கு மாறியது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023 ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

முக்கிய சாட்சி பிறழ்சாட்சியான பிறகும், கேமரா பதிவும் சூழ்நிலைச் சாட்சியங்களும் சேர்ந்து நிறுத்திய வழக்கு இது. சாட்சியச் சட்டம் நடத்தும் ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. மின்னணு ஆவணத்தை எப்படி நிரூபிப்பது, பிறழ்சாட்சி சொன்னதில் எதை எடுத்துக்கொள்வது, விசாரணையை வேறு மாவட்டத்துக்கு ஏன் மாற்றுகிறார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்கே வருகிறது என்று எல்லாமே இந்த ஒரு தீர்ப்பில் உண்டு. அதுவும் மாணவர்களுக்குத் தெரிந்த ஊரில், அவர்கள் ஏறிய படிக்கட்டில் நடந்தது.

ஆனால், இதை நாமக்கல்லிலோ சேலத்திலோ ஒரு வகுப்பில் எடுத்து நடத்துவது டெல்லியில் நடத்துவது போன்றது அல்ல. இரண்டு தரப்பின் உறவுக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடும். கொங்குப் பகுதியின் சாதிக் கணக்குகள் தெரிந்த எந்த ஆசிரியருக்கும் கைக்குட்டை தேவைப்படும் நேரம் அது. 'எதுக்கு வம்பு?' என்று, பாடப்புத்தகத்தில் உள்ள பழைய பம்பாய் வழக்கு ஒன்றை நடத்திவிட்டு வெளியே வந்துவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். எந்த விதியும் மீறப்படவில்லை.

விதி மீறப்படாத இந்த இடத்தில்தான் சட்ட ஆசிரியரின் அறக்கடமை பற்றிய பேச்சே தொடங்குகிறது.

யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை?

வழக்கறிஞர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்தவை அவை. நீதிமன்றத்திடம் எப்படி, கட்சிக்காரரிடம் எப்படி, எதிர்த்தரப்பிடம் எப்படி, சக வழக்கறிஞரிடம் எப்படி என்று தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறது. மீறினால் அதே சட்டத்தின் 35-வது பிரிவில் ஒழுங்கு நடவடிக்கை. நீதிபதிகளுக்கும் ஒரு நெறிமுறைப் பட்டியல் உண்டு. 1997 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் கூடி ஏற்றுக்கொண்டது.

இந்த இரண்டு வகையினரையும் உருவாக்குகிற சட்ட ஆசிரியருக்கு? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ம் ஆண்டு விதிமுறைகளில் எல்லாக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் பொதுவாக ஒரு தொழில்நெறிப் பகுதி இருக்கிறது. வேதியியல் ஆசிரியருக்கும் அதேதான், வரலாற்று ஆசிரியருக்கும் அதேதான். அரசுக் கல்லூரி என்றால் கூடுதலாக 1973-ம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள். அது தாலுகா அலுவலக உதவியாளருக்கும் பொருந்துகிற விதி. சட்டம் சொல்லிக்கொடுப்பவர் என்பதற்காகத் தனியாக எதுவும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, எல்லாச் சட்ட மாணவரும் 'தொழில்நெறி' என்ற தாளைக் கட்டாயம் எழுத வேண்டும். மாணவர்கள் வாயில் அது 'எத்திக்ஸ் பேப்பர்'. பார் கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களின் 50 முடிவுகள், உச்ச நீதிமன்றத்தின் 10 முக்கியத் தீர்ப்புகள் அதில் பாடம். அடுத்தவர் தொழிலின் ஒழுக்கத்தை 50 வழக்கு வைத்துச் சொல்லிக்கொடுப்பவர், தன் தொழிலின் ஒழுக்கத்துக்குத் தன் மனசாட்சியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

சேலத்துக்குச் சட்டக் கல்வி புதிது அல்ல. 1984-ல் தொடங்கிய மத்திய சட்டக் கல்லூரி நீண்டகாலம் தமிழ்நாட்டின் ஒரே தனியார் சட்டக் கல்லூரியாக இருந்தது. 2019-ல் சேலம், நாமக்கல், தேனி ஆகிய மூன்று இடங்களில் அரசு சட்டக் கல்லூரிகள் வந்தன. அதற்கு முன்பு, அரசுக் கல்லூரியில்தான் படிக்க முடியும் என்ற வசதியுள்ள நாமக்கல் மாவட்டப் பிள்ளை, கோயம்புத்தூருக்கோ திருச்சிக்கோ பெட்டி கட்ட வேண்டும். இப்போது விசைத்தறி ஓட்டுபவரின் மகளும், லாரி பட்டறையில் வெல்டிங் வைப்பவரின் மகனும் பஸ் பாஸ் எடுத்துக்கொண்டு போய்வர முடிகிறது. வீட்டில் வழக்கறிஞர் யாரும் இல்லாத இந்தப் பிள்ளைகளுக்கு, முதன்முதலில் பார்க்கும் 'சட்டக்காரர்' ஆசிரியர்தான். அவர் செய்வதெல்லாம் அவர்களுக்குப் பாடம். சொல்வது அப்புறம்.

மஞ்சள் பூத்த நோட்ஸ்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் வந்துவிட்டன. கொலைக்கு 302 என்று சினிமா வரை பழகிய எண் இப்போது 103. ஏமாற்றுக்காரனுக்குப் பட்டப்பெயராகவே ஆகிப்போன 420, இப்போது 318-வது பிரிவின் 4-வது உட்பிரிவு. மின்னணுச் சாட்சியத்துக்கான 65-பி, இப்போது 63.

புது எண்களை மட்டும் சொல்லிக்கொடுத்தாலும் போதாது. 2024 ஜூலைக்கு முன்பு நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். நீதிமன்றங்களில் கிடக்கும் கட்டுகள் தீரும்வரை, இன்னும் பல வருடங்களுக்கு இரண்டையும் தெரிந்த வழக்கறிஞர்தான் பிழைப்பார். 20 வருடங்களாக ஒரே நோட்ஸை வாசித்து எழுதவைத்த ஆசிரியருக்கு இது பெரிய உழைப்பு. அந்த உழைப்பைத் தவிர்த்தால் அவருக்கு நஷ்டம் இல்லை. ஐந்து வருடம் கழித்து அந்த மாணவரிடம் வழக்கைக் கொடுக்கும் ராசிபுரத்துக் கட்சிக்காரருக்கு ஜாமீன் தள்ளிப்போகும். மருத்துவக் கல்லூரியில் தவறாகச் சொல்லிக்கொடுத்தால் நோயாளி சாவார் என்பது எல்லோருக்கும் புரிகிறது. சட்டக் கல்லூரியில் அப்படிப்பட்ட பதற்றம் குறைவு.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நிரந்தரப் பணியிடங்கள் காலியாகவே கிடந்து, கௌரவ விரிவுரையாளர்களை வைத்துக் காலம் தள்ளுவது தமிழ்நாட்டு உயர் கல்வியில் பழைய கதை. சட்டக் கல்லூரிகளுக்காக ஆசிரியர் தேர்வு வாரியம் 2018-ல் ஆள் எடுக்க அறிவித்தது. அடுத்து 2025 ஜனவரியில் 132 பணியிடங்களுக்கு அறிவிக்கை வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஏழு வருடம். அடுத்த செமஸ்டரில் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம் புதுச் சட்டத்துக்குப் புது நோட்ஸ் கேட்பதற்கு முன்னால், அரசாங்கம் கொஞ்சம் கண்ணாடி பார்த்துக்கொள்ளலாம்.

வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து

சட்டக் கல்லூரி ஆசிரியரின் நேர்மை தினமும் சோதிக்கப்படும் இடம், பெரிய அரசியல் சாசனக் கேள்வி எதுவும் அல்ல. அட்டெண்டன்ஸ்.

பார் கவுன்சிலின் விதி தெளிவானது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவிகிதம் வருகை வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால், ஒரு பாடத்தில் 65 சதவிகிதமும் எல்லாப் பாடமும் சேர்த்து 70 சதவிகிதமும் இருப்பவரை முதல்வர் தேர்வுக்கு அனுமதிக்கலாம். அதற்குக் கீழே என்றால் தேர்வு கிடையாது.

இந்த விதி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே, வியாபாரம் பார்த்துக்கொண்டே, கல்லூரி வாசலை மிதிக்காமல் சட்டப் பட்டம் வாங்கும் பழக்கம் நாடு முழுக்க உண்டு. தமிழ்நாட்டில் இடம் கிடைக்காதவர்கள் பக்கத்து மாநிலங்களுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, தேர்வுக்கு மட்டும் பஸ் ஏறிய காலம் ஒன்று இருந்தது. அப்படிப்பட்டவற்றை 'லெட்டர் பேட்' கல்லூரிகள் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என்.கிருபாகரன் கடுமையாகச் சாடியது, வழக்கறிஞர்கள் மத்தியில் பெரிய பேச்சானது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க வழக்கறிஞர்களின் பட்டங்களைச் சரிபார்க்க முன்னாள் நீதிபதி தீபக் குப்தா தலைமையில் குழு அமைக்கும் அளவுக்கு நிலைமை போயிருந்தது. 2024 செப்டம்பரில் பார் கவுன்சில், சட்டக் கல்லூரிகளில் பயோமெட்ரிக் வருகைப் பதிவும் கேமராவும் வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது.

போலிப் பட்டத்தைப் பற்றிப் பேசும்போது, வாங்கியவரைத் திட்டுகிறோம். விற்ற நிர்வாகத்தைத் திட்டுகிறோம். நடுவில் ஒருவர் இருக்கிறார். வராத மாணவரின் பெயருக்கு நேரே, வந்தார் என்று குறியிட்டவர். அவரும் சட்டம் படித்தவர். பொய் ஆவணம் உருவாக்குவது எந்தப் பிரிவில் குற்றம் என்று அவரே அடுத்த மணிநேரம் வகுப்பெடுக்கக் கூடும். நிர்வாகம் சொன்னது, வேலை போய்விடும் என்பது அவர் தரப்பு. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், அந்த வகுப்பில் தினமும் முதல் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்த மாணவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேப்பர் சரியாக இருந்தால் போதும், நடந்தது முக்கியமில்லை என்பதை அவள் அங்கேதான் கற்றுக்கொள்கிறாள். நீதிமன்றத்துக்குப் போன பிறகு அதைத்தான் செய்வாள்.

இங்கே சேலத்துக்காரர்கள் ஒரு எதிர்க் கேள்வி கேட்கலாம். சேலம் சி.விஜயராகவாச்சாரியார் சட்ட வகுப்புக்கே போகாமல் தானே படித்துத் தேர்வு எழுதியவர்தானே? உண்மை. சேலம் முனிசிபல் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே படித்து, 1881-ல் வக்கீலானவர். மறு வருடமே சேலம் கலவர வழக்கில் சிக்கவைக்கப்பட்டு 10 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டபோது, தானே வாதாடி விடுதலையானார். 1920-ல் நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவர். அவருக்கு அட்டெண்டன்ஸ் பூஜ்யம். ஆனால் யாரும் அவருக்காகப் பதிவேட்டில் பொய் எழுதவில்லை. அன்று அப்படிப் படிக்க வழி இருந்தது, அந்த வழியில் படித்தார். வகுப்புக்கு வராமல் படிக்கலாமா என்பது ஒரு கேள்வி. வந்ததாகப் பொய்க் கணக்கு எழுதலாமா என்பது வேறு.

கணக்கு சரி, பிள்ளை?

பதிவேட்டை நேர்மையாக வைத்தால் மட்டும் கடமை முடிந்துவிடுமா? 2016 ஆகஸ்ட் 10 அன்று டெல்லியில் ஒரு தனியார் சட்டக் கல்லூரி மாணவர் தற்கொலை செய்துகொண்டார். வருகை குறைவு என்று தேர்வு எழுத அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த அந்த விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 2025 நவம்பர் 3 அன்று தீர்ப்பானது. வருகைக் குறைவுக்காக எந்தச் சட்ட மாணவரையும் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். மதிப்பெண்ணில் அதிகபட்சம் 5 சதவிகிதம் குறைக்கலாம். குறைவு இருக்கிறது என்பதை மாணவருக்கும் வீட்டுக்கும் அவ்வப்போது தெரியப்படுத்த வேண்டும். வருகை விதியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பார் கவுன்சிலுக்கும் சொன்னது. (மன உளைச்சலில் இருப்பவர்கள் 104 அல்லது 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.)

அந்தத் தீர்ப்பு ஆசிரியர்களிடையே முணுமுணுப்பைக் கிளப்பக் கூடியது. 'அப்படின்னா யாரு கிளாஸுக்கு வருவாங்க?' என்பது நியாயமான கேள்வி. ஆனால், அந்தத் தீர்ப்பு ஆசிரியருக்குக் கொடுத்திருக்கும் வேலை கவனிக்க வேண்டியது: முன்கூட்டியே சொல்.

தறிப்பட்டறையில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் காலையில் தூங்கி விழும் ஒரு குமாரபாளையம் பையனின் வருகை 58 சதவிகிதம் என்பது தேர்வுக்கு முந்தைய வாரம் நோட்டீஸ் போர்டில் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. இரண்டாவது மாதத்திலேயே ஆசிரியரின் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டும். 'ஏன்டா வரலை?' என்ற ஒரு கேள்வி, அதற்கு வரும் பதிலைப் பொறுத்து உதவித்தொகை விண்ணப்பம், விடுதி இடம், காலை வகுப்புகளுக்கு ஒரு ஏற்பாடு. பொய்க் குறியிடுபவரும், கடைசி நாளில் பெயரை அடிப்பவரும், இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள்தான்.

மூன்று மணி நேரக் கணக்கு

இன்னொரு சங்கடம், கோட்டும் கவுனும். முழுநேரச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. வழக்கறிஞர் ஒருவர் பாடம் நடத்தலாமா என்றால், நடத்தலாம். 1979-ம் ஆண்டு விதிகளின்படி ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல்.

எல்லை இவ்வளவு தெளிவாக இருப்பதால்தான், அதைத் தாண்டுபவர்கள் நேராகத் தாண்டுவதில்லை. மனு ஆசிரியர் எழுதியதாக இருக்கும், வக்காலத்தில் வேறு யாருடைய கையெழுத்தோ இருக்கும். மாணவர்களில் ஒருவர் கட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பார். இது எந்த ஊரில் எந்தக் கல்லூரியில் என்று சொல்லத் தேவையில்லாத பொது வழக்கம். நீதிமன்ற அனுபவம் இல்லாத ஆசிரியர் என்ன சொல்லிக்கொடுப்பார் என்று இதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. அந்த நியாயத்தில் உண்மை உண்டு. அப்படியானால் விதியை மாற்றக் கேட்க வேண்டும். மறைவாகச் செய்கிறவரால் எத்திக்ஸ் பேப்பரில் ரங்கதுரை வழக்கை எப்படி நிமிர்ந்து நடத்த முடியும்?

அந்த வழக்கு தமிழ்நாட்டுடையது. காது கேளாத முதியவர் ஒருவர், 15,000 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்கும் உள்ள இரண்டு புரோ நோட்டுகளின் மேல் வழக்குப் போடச் சொல்லி வழக்கறிஞரிடம் கொடுத்தார். வழக்கறிஞர் தாக்கல் செய்யவில்லை. செய்துவிட்டதாகச் சொல்லி, இல்லாத வழக்கு எண்ணையும் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தண்டனையை வேறுவிதமாக யோசித்தார்: தமிழ்நாட்டில் ஏழைகளுக்கான இலவசச் சட்ட உதவிப் பணியில் ஒரு வருடம் வேலை பார்க்கட்டும். அந்த அமர்விலேயே நீதிபதி ஏ.பி.சென் இதை ஏற்கவில்லை. வகுப்பில் விவாதிக்க அருமையான இடம் இது. சட்ட உதவி என்பது தண்டனையா, கடமையா என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டால் அந்த மணிநேரம் போதாது.

பதிமூன்று நாள்கள்

ஆசிரியரின் மௌனத்துக்கு என்ன விலை என்பதற்குத் தமிழ்நாட்டுச் சட்டக் கல்வியில் ஒரு தேதி இருக்கிறது. 2008 நவம்பர் 12. சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரி வளாகத்தில் மாணவர்கள் கட்டைகளோடும் கத்தியோடும் ஒருவரையொருவர் அடித்ததையும், காவல்துறையினர் பார்த்துக்கொண்டு நின்றதையும் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. தேவர் ஜெயந்திக்காக ஒட்டப்பட்ட சுவரொட்டியில் கல்லூரிப் பெயரிலிருந்து 'அம்பேத்கர்' விடுபட்டது அதற்கான பொறிகளில் ஒன்று.

தேவர் ஜெயந்தி அக்டோபர் 30. அடிதடி நவம்பர் 12. நடுவில் 13 நாள். சாதிவாரியாக மாணவர்கள் பிரிந்து உட்காருவது ஒரே இரவில் நடப்பதில்லை. பெயரை விட்டுவிட்டு ஒட்டிய சுவரொட்டி, அதே வாசல் வழியாக உள்ளே போன எத்தனையோ பேராசிரியர்களின் கண்ணில் பட்டிருக்கும். பின்னர் நீதிபதி பி.சண்முகம் ஆணையம் விசாரித்தது. கல்லூரியை நகரத்துக்கு வெளியே மாற்றும் முடிவுக்கு அது வழிவிட்டது. 2018-ல் பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் கல்லூரி போனது. கட்டடம் மாறியது. அந்த 13 நாளில் ஒரு வகுப்பறையிலாவது இதைப் பற்றி ஆசிரியர் வாய் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு எந்த ஆணையமும் பதில் எழுத முடியாது.

திருச்செங்கோட்டுத் தீர்ப்பை வகுப்பில் எடுக்கத் தயங்கும் ஆசிரியருக்கு இதையே திருப்பிச் சொல்லலாம். அதை நடத்துவதற்கு வீரம் தேவையில்லை. சாதிப் பெயர்களில் நின்றுவிடாமல், சாட்சியத்தில் நிற்கத் தெரிந்தால் போதும். கேமரா பதிவை யார் எடுத்தார், சான்றிதழ் யார் கொடுத்தார், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எங்கே தாக்கினார் என்று பத்தி பத்தியாகப் போனால், இரண்டு பக்கப் பிள்ளைகளும் ஒரே தாளைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.

பள்ளிபாளையத்துக்கு என்ன பதில்?

திருச்செங்கோட்டைத் தாண்டிக் காவிரிக் கரைக்குப் போனால் பள்ளிபாளையம். 2025 ஜூலையில் அந்த ஊர் வேறு காரணத்துக்காகச் செய்தியில் வந்தது. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்கள், தரகர்கள் மூலம் சிறுநீரகத்தை விற்றது வெளியானது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. இரண்டு தனியார் மருத்துவமனைகளுக்கு உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்கான உரிமம் நிறுத்தப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது.

பார் கவுன்சில் விதிகளின்படி ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும். பல இடங்களில் அது ஒரு பெயர்ப் பலகை, வருடத்துக்கு ஒரு முகாம், குரூப் போட்டோ. ஆனால் பள்ளிபாளையம் மாதிரி ஒரு ஊருக்கு உண்மையில் மையம் ஒன்று போய் உட்கார்ந்தால், ஆசிரியரின் அறம் அங்கேதான் சோதிக்கப்படும். ஏனென்றால் சட்டம் அங்கே அவ்வளவு இரக்கமாக இல்லை.

1994-ம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 19-வது பிரிவு, உறுப்புக்காகப் பணம் கொடுத்தவரை மட்டும் அல்ல, வாங்கியவரையும் குற்றவாளி என்கிறது. 5 முதல் 10 ஆண்டு சிறை. 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். சில லட்சம் கடனுக்காக வயிற்றைக் கிழித்துக்கொண்ட பெண்ணுக்கும் இதே பிரிவுதான். ஆகவே தரகரைக் காட்டிக்கொடுக்க வருபவர், தன்னையும் சேர்த்துத்தான் காட்டிக்கொடுக்கிறார். இந்தச் சட்டத்தில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போவதிலும் சிக்கல் உண்டு. 22-வது பிரிவின்படி, அதற்கென அதிகாரம் பெற்ற அமைப்பு புகார் கொடுக்க வேண்டும். அல்லது 60 நாள் நோட்டீஸ் கொடுத்த ஒருவர் கொடுக்க வேண்டும்.

மாணவர்கள் ஆர்வத்தில் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகப் போய், 'யார்கிட்ட குடுத்தீங்க, எவ்வளவு வாங்கினீங்க?' என்று எழுதிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? இங்கேதான் ஆசிரியருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்ற பாதுகாப்பு, பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தின் 132-வது பிரிவில் வழக்கறிஞருக்கும், அவருடைய மொழிபெயர்ப்பாளர், குமாஸ்தா, ஊழியர்களுக்கும்தான் சொல்லப்பட்டிருக்கிறது. முழுநேர ஆசிரியர் வழக்கறிஞர் அல்ல. மாணவரும் அல்ல. அந்தப் பெண் நம்பிச் சொன்னது அவர்களுடைய நோட்டில் இருந்தால், நாளை விசாரணை அதிகாரி கேட்கும்போது மறுக்க அவர்களுக்கு உறுதியான வழி இல்லை.

எனவே வண்டி கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது சில இருக்கின்றன. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கடிதம் எழுதி, அதன் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் ஒருவரை முகாமுக்குக் கேட்க வேண்டும். பெண்களுக்கும், பட்டியல் சமூகத்தினருக்கும், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் 1987-ம் ஆண்டு சட்டத்தின் 12-வது பிரிவில் இலவச உதவி உரிமை என்பதையும், 15100 என்ற உதவி எண்ணையும் சுவரில் எழுதி வைக்கலாம். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கும்போது என்ன செய்யலாம், கந்துவட்டித் தடைச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பொதுவாக எல்லோருக்கும் பேசலாம். அறுவை சிகிச்சை பற்றி யாராவது பேச ஆரம்பித்தால், மாணவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, 'அக்கா, இதை வக்கீல்கிட்ட மட்டும் சொல்லுங்க' என்று அந்த வழக்கறிஞரின் மேசையைக் காட்ட வேண்டும்.